ராகு காலத்தில் வரைந்த வயல்

அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறதா இல்லையா, அதை மட்டும் ஒரே வரியில் சொல்லும்மா என்று நேற்று கேட்டாய் பார், அதில்தான் கார்த்தி எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. ஒரே வரியில் சொல்ல நீ என்ன இட்லியா தோசையா என்றா கேட்டாய்? கல்யாணம்டா. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தால் "அம்மா, மீட்டிங், அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்தப் புனே கம்பெனியில் யாருக்கும் வேலையே கிடையாதா, எந்நேரமும் கூடிக் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள்? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதியதை உன்னால் நடுவில் கட் பண்ண முடியாது. அப்பா ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவார். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள், ஆனால் முழுக்கப் படி. பதில் கடைசியில்தான் இருக்கும் என்று நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவினால் எனக்குத் தெரிந்துவிடும்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஆவணியில் நீ வந்தாய். "அம்மா, உனக்குப் பொழுதே போக மாட்டேங்குது, படம் வரையக் கத்துக்கோ" என்றாய். எனக்குப் பொழுது போகவில்லை என்று நான் எப்போதடா சொன்னேன்? காலையில் பிள்ளையார் கோயில், பிறகு சமையல், மத்தியானம் ஸ்லோகம் எழுதுகிற நோட்டு, செவ்வாய் வெள்ளி விளக்குப் பூஜை. ஒரு நாளைக்கு இன்னும் நாலு மணி நேரம் கூடக் கொடுத்தால் அதையும் நிரப்புவேன். ஆனாலும் பிள்ளை ஆசைப்படுகிறானே என்று சரி என்றேன். அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கிராமத்து வயல்வெளியை நாட்டுப்புற பாணியில் வரைவது, பத்துப் பன்னிரண்டு வாரம். சேர்த்துவிட்டு புனேக்கு ஏறிவிட்டாய். பத்தாவது வாரம்தான் எனக்குத் தெரிகிறது, அங்கே சொல்லிக்கொடுக்கிற வித்யா டீச்சர்தான் நீ கட்டிக்கொள்ள நினைக்கிற பெண் என்று. பெண் பார்க்க அம்மாவை அனுப்புவது வழக்கம்தான். அம்மாவுக்கே தெரியாமல் அம்மாவைப் பெண் பார்க்க அனுப்பியவன் இந்தத் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் நீ ஒருத்தன்தான்.

அதுவும் என்ன நேரம் பார்த்து அனுப்பினாய்? ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு. முழு ராகு காலம். ஒரு நிமிடம் முன்னே பின்னே கிடையாது, அளந்து வைத்த மாதிரி. முதல் நாள் நான் படம் வரையக் கொடுத்த மரப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மற்ற நாலு பேரும் தங்கள் பலகைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பிரஷ்ஷைக் கழுவினேன், துடைத்தேன், மறுபடி கழுவினேன். அந்தப் பெண் வந்து நின்றாள்.

"ஏன் ஆன்ட்டி, இன்னும் ஆரம்பிக்கல?"

"ராகு காலம் போகட்டும்மா."

"கிளாஸே நாலரைலேர்ந்து ஆறுதான் ஆன்ட்டி."

"சரி, ஆறு மணிக்கு ஆரம்பிக்கிறேன்."

"ஆறு மணிக்கு நான் கதவைப் பூட்டிடுவேன்."

பக்கத்தில் பேங்க்கில் ரிடையர் ஆன ஒரு சார் இருமுகிற மாதிரி சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு காலை குளித்து, விளக்கேற்றி, பலகையை சாமிக்கு முன்னால் வைத்து, நல்ல நேரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். அதுதான் ஆரம்பம். சாயங்காலம் போய்ச் செய்வது வெறும் தொடர்ச்சி. தொடர்வதற்கு ராகு காலம் பார்க்க வேண்டாம், இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் இப்படித்தான். புதிதாக என்ன வரையப்போகிறோம் என்று முந்தின வாரமே கேட்டுக்கொண்டு வந்துவிடுவேன். வீட்டுக்கு ஒரு புள்ளி, கிணற்றுக்கு ஒரு புள்ளி, மாட்டுக்கு ஒரு புள்ளி. அவள் பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள்.

"இது என்ன ஆன்ட்டி, போன வாரம் இல்லியே?"

"அது மாடும்மா."

"மாடா! எங்க?"

"இனிமேத்தான் வளரணும்."

அவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். அப்போதே நான் நினைத்தேன், பொறுமைசாலிதான், ஆனால் உள்ளுக்குள் நக்கல் ஜாஸ்தி என்று.

இந்தப் பாணி இருக்கிறதே, அது வேறு எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது. நான் மதுராந்தகம் பக்கம் பிறந்தவள். வயலை யாரும் எனக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. அந்த ஊர் மேல் எனக்கு ஏக்கமும் கிடையாது. பதினான்கு வயதில் சேற்றில் குனிந்த இடுப்பு இன்னும் மழைக்காலம் வந்தால் பேசுகிறது. அப்படிப்பட்டவளிடம் ஒரு படத்தைக் காட்டி இதுதான் வயல் என்கிறாள். ஒரு பாத்தியில் நாற்று நடுகிறார்கள். அதற்கு அடுத்த பாத்தியில் அறுப்பு. அதற்கும் அடுத்ததில் சூரியகாந்தி. மாடு நீலம். கோழி மாட்டுக்குச் சமம். மரம் எல்லாம் குச்சி மிட்டாய் மாதிரி உருண்டை. நிழல் கிடையாது, தூரம் கிடையாது, எல்லாம் ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

"ஒரே நாள்ல நடவும் அறுப்பும் எந்த ஊர்லம்மா நடக்குது?" என்று கேட்டேன்.

"இந்த ஸ்டைல்ல எல்லாம் ஒரே சமயத்துல நடக்கும் ஆன்ட்டி. வருஷம் பூரா வேணுங்கறது பலகைக்குள்ள இருக்கணும். இடம் காலியா விடக்கூடாது."

"அப்ப தண்ணி எங்கேர்ந்து வருது?"

"எங்கேர்ந்து வேணாலும் வரட்டும், நீங்க இலையைப் போடுங்க."

இலை என்றால் ஒரே இழுப்பில் வர வேண்டும். பிரஷ்ஷை அழுத்தி, இழுத்து, தூக்க வேண்டும். தலை குண்டாகவும் வால் ஒல்லியாகவும் விழும். நான் பழைய பேப்பரில் பக்கம் பக்கமாகப் போட்டுப் பழகினேன். அப்பா எட்டிப் பார்த்து, "என்னடி, வீடு பூரா புழு விட்டிருக்க?" என்றார். மூன்று வாரம் எனக்குப் புழுதான் வந்தது. கோலம் போட்டுப் பழகிய கை அழுத்தாது, விட்டுக்கொண்டே போகும். அந்தப் பெண் என் கையைப் பிடித்து அழுத்திக் காட்டவில்லை. தன் பிரஷ்ஷை என் பலகைக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தில் வைத்து, மெதுவாக, திரும்பத் திரும்ப, நான் பார்க்கிற மாதிரி போட்டுக்கொண்டே இருந்தாள். சொல்லித் தரும்போது என் கையைத் தொடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது என்று நீதான் அவளிடம் சொல்லியிருக்கிறாய். அதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதற்கும் சேர்த்துத்தான் கோபம்.

ஆறாவது வாரம் பெரிய சண்டை. நடவு நடுகிற பெண்களை வரைய வேண்டும். அவள் மாதிரிப் படத்தில் ஐந்து பெண்கள் நாற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்து நடந்து வருகிறார்கள். அவர்கள் காலுக்கு அடியிலேயே நட்ட வரிசை. எனக்குப் பொறுக்கவில்லை. "மாடு நீலமா இருக்கட்டும், போகட்டும். ஆனா நட்டதையே மிதிச்சுக்கிட்டு எவளாவது முன்னால வருவாளா? பின்னால பின்னாலதான் போகணும். நட்டது கண்ணுக்கு முன்னால இருக்கும், கால் வெறும் சேத்துல இருக்கும்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரைப் பலர் முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, தப்புதான். அவள் தன் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "எழுந்து நின்னு காட்டுங்க ஆன்ட்டி" என்றாள். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த மாடி அறையில் குனிந்து பின்னால் நகர்ந்து காட்டினேன், பேங்க் சார் தன் நாற்காலியை இழுத்து வழி விட்டார். பார்த்து முடித்ததும் அவள் வெள்ளைப் பெயிண்ட் எடுத்து, சுவரில் மாட்டியிருந்த தன் படத்தில் அந்த ஐந்து பெண்களையும் அழித்தாள். ஃபிரேம் போட்ட படம்டா அது. கழற்றி எடுத்து அழித்தாள். "இத்தனை பேருக்குத் தப்பாவே சொல்லிக்குடுத்திருக்கேன்" என்றாள், அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை.

பத்தாவது வாரத்துக்கு வருகிறேன். அன்று காலை சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போயிருந்தோம். பிரசாதத்தை வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்தேன். அவளுக்குக் கொடுக்கும்போது, "என் பையனுக்கு நல்ல இடமா அமையணும்னு நரசிம்மர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேம்மா" என்றேன். அவள் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என்னை வெளியே மாடிப்படிக்குக் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, உங்க பையன் கார்த்திக் என்னைக் கல்யாணம் பண்ணிக்கறேன்னு கேட்டிருக்கார். நீங்க பழகிட்டு உங்களுக்கே பிடிச்சப்புறம் சொல்லலாம்னு சொன்னார். இதுக்கு மேல என்னால முடியல."

எனக்கு முதலில் வாயில் வந்தது என்ன தெரியுமா? "மணி அஞ்சேகால். இந்த நேரத்துலயா இதைச் சொல்லுவே?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "நல்ல நேரம் பாத்துப் பொய் சொல்லச் சொல்றீங்களா ஆன்ட்டி?" என்றாள்.

நான் பலகையை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன். கீழே அப்பா ஸ்கூட்டரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நிற்கும்போது கேட்டேன், "உங்களுக்குத் தெரியுமா?" என்று. "சிக்னல் போட்டுட்டான்" என்று வண்டியை எடுத்தார். சிவப்பு எரிந்துகொண்டிருக்கிறது, எடுத்துவிட்டார். அப்போதே தெரிந்துவிட்டது, வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது என்று.

அவர்கள் வேற ஆளுங்க என்று அப்பா அன்று ராத்திரி சொன்னார். அதனால்தான் நீ பயந்தாயாம். உன் பெரியம்மாவும் எப்படியோ தெரிந்துகொண்டு போன் செய்து முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டாள். எனக்கு உறுத்தவில்லை என்று எழுதினால் பொய். உறுத்தியது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று குடைந்தது. என் பிள்ளைக்கு இவ்வளவு நீளமாக, பத்து வாரம் தாங்குகிற மாதிரி, ஒரு பொய் சொல்ல எங்கே இருந்து வந்தது? உங்கப்பா பொய் சொன்னால் பத்து நிமிடத்தில் காது சிவந்துவிடும். அவரிடமிருந்து வரவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்காது, உனக்கு ஒன்பது வயது. உன் சித்தப்பா வேற ஆளுங்க பெண்ணைக் கட்டிக்கொண்டார். படப்பையில் சின்ன மண்டபத்தில் கல்யாணம். அப்பா விடியற்காலையிலேயே போய்விட்டார். எனக்குப் போக இஷ்டமில்லை. போகமாட்டேன் என்று சொல்லவும் தைரியமில்லை. நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். அழைத்துப்போக ஆட்டோ வந்தபோது, வாசலுக்கு உன்னை அனுப்பினேன். "அம்மாவுக்கு நூத்தி மூணு டிகிரி ஜுரம்னு சொல்லு" என்று சொல்லித்தான் அனுப்பினேன். நீ போய், "ஜுரம், வாந்தி வேற" என்றாய். வாந்தி நீயாகச் சேர்த்தது. படுத்துக்கொண்டே கேட்டு நான் பெருமைப்பட்டேன், கார்த்தி. பிள்ளை எவ்வளவு சூட்டிகை என்று நினைத்தேன். மறுநாள் காலை புதுப்பெண், கழுத்தில் மஞ்சள் கயிற்றின் ஈரம்கூடக் காயவில்லை, கஞ்சியும் மிளகு ரசமும் கொண்டு வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் முனகினேன். இரண்டு நாள் எழுந்திருக்காமல் கஞ்சியே குடித்தேன். என்ன சொல்ல, உப்புப் போடாத கஞ்சி.

அதற்குப் பிறகு எத்தனை பொங்கல், எத்தனை தீபாவளி அவளோடு சேர்ந்து முறுக்கு பிழிந்திருக்கிறேன், ஒரு தடவை அதை நான் சொன்னதில்லை. மாடிப்படியில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பிறகு என்னால் விளக்கேற்றக்கூட நிம்மதியாக முடியவில்லை. புதன்கிழமை படப்பைக்கு பஸ் ஏறிவிட்டேன். சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன், அன்றைக்கு எனக்கு ஜுரமே இல்லை என்று. அவள் மடிப்பதை நிறுத்தக்கூட இல்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. நெத்தி ஜில்லுனு இருந்துச்சு."

"அப்புறம் ஏன்டி ரெண்டு நாள் கஞ்சி கொண்டாந்த?"

"நீங்க எவ்ளோ நேரம் படுத்திருப்பீங்கன்னு பாக்கத்தான். உப்பு வேணும்னுதான் போடல."

சொல்லிவிட்டு சிரித்தாள் பார், அப்படி ஒரு சிரிப்பு. நானும் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன், அதைப் பெரிசு பண்ணாதே. உன் விஷயத்தைச் சொன்னேன். "உங்க பையன்தானேக்கா" என்றாள்.

அந்த ஞாயிறு நான் வகுப்புக்குப் போகவில்லை. போன சனிக்கிழமை பதினோரு மணிக்கு வாசலில் மணி அடித்தது. அவள்தான். கையில் பேப்பர் சுற்றிய என் பலகை. "ராகு காலம் பத்தரைக்கே முடிஞ்சுது ஆன்ட்டி, காலண்டர் பாத்துட்டுதான் வந்தேன்" என்றாள். நக்கலா, நிஜமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. "நான் பதில் கேக்க வரல. பலகை உங்களோடது. மாட்டுக்கு வால் பாக்கி இருக்கு, குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்." உட்காரு என்றேன். காப்பி கொடுத்தேன். டப்பா டப்பாவாகப் பெயிண்ட்டும் கொண்டு வந்திருந்தாள். சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் வால் போட்டேன். ஒரே இழுப்பில், அழுத்தி, இழுத்து, தூக்கி. சரியாக விழுந்தது. அவள் அடுத்த மாட்டைக் காட்டினாள். நடவுப் பெண்களின் கைக்குக் கீழே நாற்றுமுடி எப்படிக் கட்டுவார்கள் என்று கேட்டாள். கொத்தமல்லிக் கட்டை எடுத்து வந்து முடிந்து காட்டினேன். அப்பா ஹாலில் ஒரே பேப்பரை மூன்று தடவை படித்தார்.

கிளம்பும்போது நான்தான் கேட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு மேல் உங்கள் வீட்டுக்குப் பூ, பழத்தோடு வரலாமா என்று. அவள் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள், "வாங்க ஆன்ட்டி. ஆனா அவரும் வரணும். எங்கப்பா முன்னால அவர் வாயால சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது, அங்கிள் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன்."

இப்போது உன் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டதா? இன்னும் ஒரே வரிதான் வேண்டுமென்றால், வியாழன் ராத்திரிக்குள் வந்து சேர். சித்தியும் வருகிறாள், அவளை நான் கூப்பிட்டுவிட்டேன். பெரியம்மாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல் வந்தால் வரட்டும், நான் கஞ்சி வைத்துக் கொடுத்து அனுப்புகிறேன். மீட்டிங் என்று மட்டும் சொல்லாதே. அவள் வீட்டில் உட்கார்ந்து, நிமிர்ந்து, நீயே பேசு. வார்த்தை திக்கினால் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் பேசு. கல்யாணத்துக்குப் பிறகும் என்னிடம் சொல்ல வேண்டியதை அவள் வழியாகச் சொல்லாதே, அவளிடம் சொல்ல வேண்டியதை என் வழியாகச் சொல்லாதே. நடுவில் நின்றுகொண்டு ஆளுக்கொரு கதை சொன்னால் ஒரு நாள் நாங்கள் இருவரும் சேர்ந்து உன்னைக் கவனித்துக்கொள்வோம். உனக்கு முதுகெலும்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிய வேண்டும்.

இரு, அப்பா போட்டோ எடுக்க வந்துவிட்டார், இப்போதுதான் ஒன்று ஞாபகம் வருகிறது. வகுப்பில் நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, இலை காய்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தோம். சும்மா இருக்க முடியாமல், "ஏம்மா, உனக்கு வீட்ல பாக்கலியா?" என்று கேட்டேன். "ஒருத்தர் இருக்கார் ஆன்ட்டி. அவங்கம்மாகிட்ட சொல்லப் பயப்படறார்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பெத்தவகிட்டயே வாயைத் திறக்காதவன் நாளைக்கு உனக்காக யார்கிட்டம்மா பேசப் போறான்? விட்டுத் தொலை, வேற நல்ல பையனாப் பாரு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "யோசிக்கறேன் ஆன்ட்டி" என்றாள்.